பற்றாசு

யாப்பிலக்கண வகுப்பில் ஆசிடை நேரிசை வெண்பாவுக்கு வரும்போதெல்லாம் மாணவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி, ஆசு என்றால் என்ன என்பது. முதற்குறளும் தனிச்சொல்லும் ஒட்டாமல் விட்டிசைக்கும் இடத்தில் ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பது ஆசு. உலோகத் துண்டுகளைச் சேர்க்கக் கொல்லர் இடும் பற்றாசிலிருந்து வந்த பெயர் அது. பல ஆண்டுகளாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன். ஆனால் பற்றாசு என்ன செய்கிறது, எதை அதனால் செய்ய முடியாது என்பதை நான் விளங்கிக்கொண்டது திருச்சியில் ஒரு ரேடியேட்டர் பட்டறையில்தான்.

இருபது வயதைக் கடந்த என் காரில் ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. ரப்பர்க் குழாய் மாட்டும் அதன் கழுத்து ஒருநாள் முறிந்து, குழாயோடு கையில் வந்துவிட்டது. அந்த மாதிரிக்குப் புதிய ரேடியேட்டர் உடனே கிடைக்காது என்றார்கள். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த பட்டறையில் இருந்த பெரியவரை எல்லோரும் பாய் என்றே அழைத்தார்கள். முறிந்த துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "பித்தளையா இருந்தா கால் மணி நேர வேலை சார். இதுல ஈயம் பிடிக்காது."

அந்த ஒற்றை வாக்கியத்துக்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

மோட்டார் வாகனத்தின் வரலாறே வழியோரக் கைவினைஞர்களின் துணையோடுதான் தொடங்கியது. 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் தம் இரு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி ஓட்டிச் சென்றார். வழியில் சங்கிலியைச் சரிசெய்தவர் ஒரு கருமான். பிரேக் கட்டைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர் ஒரு செருப்புத் தொழிலாளி. அந்த வண்டியில் எஞ்சினின் சூட்டைத் தணித்த தண்ணீர் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்ததால், போகும் வழியெல்லாம் அவர்கள் நீர் நிரப்ப வேண்டியிருந்தது.

இந்தச் சிக்கலுக்குத் திடமான விடை கண்டவர் வில்ஹெல்ம் மைபாக். 1900 இல் உருவான மெர்சிடிஸ் வண்டிக்காக, 6 மில்லிமீட்டர் அகலமுள்ள 8070 சதுரக் குழாய்களை அடுக்கித் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அவர் அமைத்தார். காற்று குழாய்களினூடே புகுந்து செல்ல, அவற்றுக்கிடையே உள்ள சந்துகளில் ஓடிய நீர் குளிர்ந்தது. அத்தனை குழாய்களையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தியது பற்றாசு.

அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக்கு ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையும் ஈயப்பற்றும்தான். செம்பு உருகுவது 1085 டிகிரி செல்சியசில். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசோ 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். உடம்பு கெடாமல் மூட்டை மட்டும் அவிழ்த்து மறுபடி கட்டலாம் என்பதே இந்த இடைவெளியின் பொருள். நம் ஊர்களில் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசியவர்களுக்கு இது புதிய வித்தையே அல்ல. பாயின் தந்தையும் அத்தொழில் செய்தவர்தான். 2014 இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடரும் பழைய லாரிகளும் இவர்கள் கைபட்டே ஓடின. ரேடியேட்டரின் வாய்களை அடைத்துத் தொட்டி நீரில் அமிழ்த்தி, உள்ளே காற்றைச் செலுத்திக் குமிழி வரும் இடத்தைக் கண்டு, சுரண்டித் துப்புரவாக்கிப் பற்றவைத்தால் வேலை முடிந்தது.

மாற்றம் 1970களில் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் வண்டியின் எடையைக் குறைப்பது கட்டாயமாயிற்று. செம்பின் எடையில் மூன்றிலொரு பங்கே உள்ள அலுமினியம் ரேடியேட்டரின் நடுப்பகுதியாயிற்று. தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானால் வார்க்கப்பட்டன. இரண்டையும் சேர்ப்பது பற்றாசு அன்று. நடுவில் ஒரு ரப்பர் வளையம், சுற்றிலும் மடித்து இறுக்கிய அலுமினியப் பற்கள். எடை குறைந்தது, விலையும் குறைந்தது.

நைலான் 1935 இல் டூபான்ட் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோத்தர்ஸ் குழுவினர் கண்டது. அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கொதிநீரும் கிளைக்காலும் ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக அறுக்கின்றன. மூடிய ரேடியேட்டருக்குள் காற்றழுத்தத்தைப்போல் இன்னொரு மடங்கு அழுத்தம் வேறு. கழுத்து முறிவது இதனால்தான். நைலானைப் பசையும் எளிதில் பற்றுவதில்லை.

பாய் பசையை நம்பவில்லை. முறிந்த கழுத்தில் மிஞ்சியிருந்த விரலகலப் பகுதியைச் சமமாகத் தேய்த்தார். அதன் உள்ளளவுக்குச் சரியான பித்தளைக் குழாய்த் துண்டொன்றை எடுத்து, வெளிப்புறத்தை அரத்தால் சொரசொரப்பாக்கி, சூடு தாங்கும் எப்பாக்ஸி தடவி உள்ளே செலுத்தினார். மறுநாள் காலை வரை காயவிட்டு, ரப்பர்க் குழாயைப் பித்தளைக்கும் மிஞ்சிய கழுத்துக்கும் மேலாக ஏற்றி, கிளிப்புகளால் இறுக்கினார். பசை கசிவை அடைத்தது. பிடியைத் தந்தது உள்ளே நின்ற பித்தளை. ஒட்டாத இரண்டுக்கும் நடுவே இட்ட ஒரு சிறு துண்டு. ஆசு அதுவேதான் என்று எனக்குத் தோன்றியது.

"புது ரேடியேட்டர் கிடைக்கிற வரைக்கும் தாங்கும். அதுக்காக இதையே நம்பி இருந்துடாதீங்க" என்றார். எட்டு மாதம் தாங்கியது.

இதைப் பொற்காலம் ஒன்று போய்விட்ட கதையாக எழுதி முடித்துவிடலாம். அது நேர்மையாகாது. ரேடியேட்டர் பழுதுபார்ப்போரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருப்பதை மருத்துவ ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. பழுது பார்க்க முடிந்த அந்தப் பொருளுக்கான விலையில் ஒரு பங்கை, பழுது பார்த்தவரின் உடம்பு கொடுத்தது. பழுது பார்க்க முடியாத பொருளுக்கான விலையைக் குப்பைமேடு கொடுக்கிறது. இரண்டுமே பட்டியலில் எழுதப்படாத விலைகள்.

மகன் தொழிலுக்கு வரவில்லையா என்று கேட்டேன். பாய் அடுப்பைத் தணித்துக்கொண்டே சொன்னார்: "வேண்டாம் சார். கைவேலை போகுதேன்னு வருத்தம் இருக்கு. இந்தப் புகை என்னோட போகட்டும்."