மிண்டனுக்கு வந்து சேர்ந்த ஒரு வாரம்

பினாங்குத் தீவின் கெளுகோரில் பிரிட்டிஷ் படையின் பாசறை ஒன்று இருந்தது. 1759இல் ஜெர்மனியின் மிண்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் வென்ற போரின் நினைவாக அதற்கு மிண்டன் பாசறை என்று பெயர். படை கிளம்பிப் போனது. 1971இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.) உள்ளே வந்தது. சிப்பாய்களை மறந்த ஊர், பெயரை மட்டும் விடவில்லை. யூ.எஸ்.எம். மாணவர்களுக்கு அந்த வளாகம் இன்றும் மிண்டன்தான்.

ஆண்டுதோறும் பதிவு நாளன்று அந்த மேட்டில் கார்கள் ஏறும். கெடா, பேராக், ஜொகூர் என்று எல்லா மாநில எண்பலகைகளும் வரிசையில் நிற்கும். வாளி, தலையணை, துணி மாட்டும் ஹேங்கர், அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் போத்தல். ரைஸ் குக்கருக்கு விடுதியில் அனுமதி இல்லை என்று தெரிந்தும் அதைப் போர்வைக்குள் சுற்றிக் கொண்டுவரும் குடும்பம் ஒன்றாவது இருக்கும். 1985இல் பாலம் திறப்பதற்கு முன்பு இதே சுமைகள் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி வந்தன. பெற்றோர் விடைபெற்றுப் போனதும் ‘மிங்கு சிஸ்வா லெஸ்தாரி’ என்ற புதுமுக மாணவர் வாரம் தொடங்கிவிடும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ‘மிங்கு ஹலுவான் சிஸ்வா’ என்று பெயர். எந்த வளாகமானாலும் பழைய ஆட்களுக்கு எல்லாமே ‘சுவாய் கெனால்’ என்ற அறிமுகம்தான்.

இந்த வாரத்துக்கு என் கணக்கில் இரண்டு தாய்வீடுகள் உண்டு. ஒன்று சிங்கப்பூர்.

1928இல் அங்கே ராஃபிள்ஸ் கல்லூரி திறந்தது. ஆங்கிலேயக் கல்லூரிகளின் பாடத்திட்டத்தோடு அவற்றின் கெட்ட பழக்கமும் கூடவே கப்பல் ஏறி வந்தது. புதிதாக வருபவனைச் சீனியர்கள் சில வாரம் ஆட்டிவைப்பார்கள். 1940இல் அங்கே சேர்ந்த லீ குவான் யூ, தாம் பகடிவதைக்கு ஆளானதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1949இல் அந்தக் கல்லூரியும் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆனபோது பழக்கமும் சொத்தோடு சேர்ந்து கைமாறியது. தவளை மாதிரி குதி, மரத்துக்கு சல்யூட் அடி, சீனியரை ‘சார்’ என்று கூப்பிடு. பட்டவர்களில் பலர் பின்னாளில் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வார்கள். அந்தச் சிரிப்பை நான் அவ்வளவாக நம்புவதில்லை. 1996இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் செல்வநாயகம் வரப்பிரகாஷ் 1997இல் பகடிவதையால் இறந்தார். 1998இல் அந்த நாடும் சட்டம் போட்டது. ஒரே பேரரசின் கல்லூரிகள், ஒரே வியாதி.

இன்னொரு தாய்வீடு அமெரிக்கா. புதியவர்களுக்கென்று தனி வகுப்பு நடத்துவதை பாஸ்டன் பல்கலைக்கழகம் 1888இலேயே தொடங்கிவிட்டது. 1911இல் ஓரெகன் மாநிலத்தின் ரீட் கல்லூரி அதை மதிப்பெண் தரும் பாடமாகவே ஆக்கியது. பிறகு பல பத்தாண்டுகள் அது உண்டு இல்லை என்ற நிலையில் கிடந்தது. உயிர் கொடுத்தது ஒரு கலவரம். 1970 மே மாதம், வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம், கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் தென் கரோலினாப் பல்கலைக்கழக மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். தேசியக் காவல் படையும் கண்ணீர்ப்புகையும் வந்தன. பல்கலைக்கழகத்தின் அப்போதைய தலைவர் தாமஸ் ஜோன்ஸ் பொறியியல்காரர். எங்கே பழுது என்று தேடும் மனம் அவருக்கு. இந்தப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின்மேல் ஏன் இவ்வளவு கசப்பு என்று கேட்டார். யாரும் அவர்களோடு உட்கார்ந்து பேசவே இல்லை என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதில். 1972இல் ‘யூனிவர்சிட்டி 101’ பிறந்தது. ஒரு பருவம் முழுக்க ஓடும் பாடம், சிறு குழு, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியர். முதலில் பயிற்சி கொடுத்தது ஆசிரியர்களுக்கு. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1974இலிருந்து அதை நடத்திய ஜான் கார்ட்னர் பிறகு நாடெங்கும் அதைப் பரப்பினார்.

மாணவர்மேல் அக்கறையா, மாணவர்மேல் பயமா? இரண்டும் கலந்த பிறப்பு என்று சொல்லலாம். நம் பக்கமும் அப்படித்தான். 1969 மே 13 இனக் கலவரம் நடந்து மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், ஜூன் 1ஆம் தேதி, பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் யூ.எஸ்.எம். தொடங்கியது. ஹம்சா செண்டுட் முதல் துணைவேந்தர். சொந்த இடம் இல்லை. கெளுகோரில் இருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரவல் கட்டடம். மிண்டனுக்குக் குடிபோன அதே 1971இல்தான் ‘ஆவ்கூ’ என்று நாம் சொல்லும் பல்கலைக்கழகச் சட்டமும் வந்தது. 1974இல் பாலிங் ஏழை ரப்பர் விவசாயிகளுக்காக மாணவர்கள் தெருவில் இறங்கியபின், 1975இல் மாணவர்மேல் அந்தச் சட்டத்தின் பிடி இன்னும் இறுகியது. ஒரே அறையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரையும் தூங்கவைப்பது அன்று சின்ன விஷயம் இல்லை. அதைச் செய்ய ஒரு வாரம் தேவைப்பட்டது. அந்த வாரத்திலேயே, எதையெல்லாம் செய்யக்கூடாது என்ற பட்டியலையும் படித்துக் காட்டினார்கள்.

காலம் போகப்போக வதை குறைந்து வாரம் வளர்ந்தது. ஆட்டிவைத்த சீனியர் இருந்த இடத்தில் ‘ஃபாசி’ என்ற வழிகாட்டி மாணவர் வந்தார். சட்டை நிறமும் கழுத்தில் தொங்கும் அட்டையும் அவர் அடையாளம். தொண்டை கட்டும்வரை கோஷம், பல்கலைக்கழகப் பாட்டு, டேவான் துவாங்கு சைட் புத்ரா மண்டபத்தில் மணிக்கணக்கில் தக்லிமாத் என்ற விளக்கவுரை. நூலகம், மருத்துவக் கிளினிக், கட்டொழுங்கு, பாடப் பதிவு என்று ஒவ்வொரு பிரிவும் மேடை ஏறும். 2008இல் யூ.எஸ்.எம். ‘அபெக்ஸ்’ என்ற சிறப்புத் தகுதி பெற்றபோது துணைவேந்தர் சுல்கிஃப்லி அப்துல் ரசாக் பிடித்த கொடி நீடித்த வளர்ச்சி. வாரத்தின் பெயரில் உள்ள ‘லெஸ்தாரி’, அதாவது நீடித்தது, அந்தக் கொடியின் துணிதான்.

வாரத்தில் நல்லது இல்லாமல் இல்லை. ரெஸ்து விடுதியிலிருந்து விரிவுரை மண்டபத்துக்கு எந்தப் பேருந்து, சுங்கை டுவாவில் மலிவாக எங்கே சாப்பிடலாம், இதெல்லாம் ஏழு நாளில் தெரிந்துவிடும். பேரைக் கேட்டால் தலை குனிந்த பெண், ஐந்தாம் நாள் மைக்கைப் பிடித்துக் குழுவின் கோஷத்தைச் சொல்வாள்.

கடல் கடந்து வந்ததில் எது வரவில்லை என்பதுதான் என் ஆதங்கம். தென் கரோலினாவில் அது ஒரு பருவம். இங்கே ஒரு வாரம். அங்கே சிறு குழுவோடு ஓர் ஆசிரியர். இங்கே ஆயிரக்கணக்கானோருக்கு ஒரு மேடை. கல்வி ஆலோசகர் என்று ஒருவரை ஒவ்வொரு மாணவருக்கும் ஒதுக்கத்தான் செய்கிறார்கள். பாடப் பதிவுப் படிவம் கையில் இருந்தால் போய்ப் பார்ப்பார்கள். மனசு சரியில்லை என்று போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? இது மலேசியாவில் மட்டும் இல்லை. இந்தியாவில் பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வாரத் தொடக்கப் பயிற்சியைத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. வகுத்தது, 2019இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யூ.ஜி.சி.யும் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வழிகாட்டி கொடுத்தது. அங்கும் வாரக் கணக்குதான்.

புது இடத்துக்குப் பழகுவதில் மலேசியத் தமிழர்களுக்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு மலாய்மொழித் தேர்ச்சி போதாது என்றால், முதலாம் படிவத்துக்கு முன்பு ஓராண்டு ‘ரிமூவ்’ வகுப்பு. கூடப் படித்தவன் மேலே போக, இவன் அங்கேயே நிற்பான். வீட்டில் அது அவமானம். ‘ஒரு வருசம் வேஸ்ட்’ என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் புது மொழி, புதுக் கட்டடம், புது ஆசிரியர், இத்தனைக்கும் பழக ஓராண்டு வேண்டும் என்று ஒரு பள்ளி அமைப்பு ஒப்புக்கொண்டது அந்த வகுப்பில் மட்டும்தான். தண்டனை போலக் கொடுக்காமல் இருந்திருந்தால் அது நல்ல யோசனை.

2020 அக்டோபரில் கோவிட் காரணமாக வளாகப் பதிவைத் தள்ளிவைக்கும் அறிவிப்பு கடைசி நேரத்தில் வந்தது. பெட்டி கட்டிக் கிளம்பிவிட்டவர்கள் பாதி வழியில் திரும்பினார்கள். அந்த ஆண்டு முதல் வாரம் திரைக்குள் நடந்தது. கோஷம் போனது, தக்லிமாத் மட்டும் மிச்சம். திரையில் அது அசல் அளவில் தெரிந்தது, அதாவது ஒரு காணொளியில் அடங்கிவிடும் அளவில். வளாகம் திறந்ததும் மண்டபம் மறுபடி நிரம்பியது.

என்னைக் கேட்டால், அந்த மேடைப் பேச்சுகளைக் காணொளியிலேயே விட்டுவிடலாம். வாரம் முடிந்தபின்தான் சிக்கல் தொடங்குகிறது. பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடன் கைக்கு வரச் சில வாரம் ஆகும். அதுவரை ரொட்டியும் மெகியும். முதல் சோதனையின் மதிப்பெண் வரும்போது, ஊரில் முதலாவதாக வந்தவனுக்குத் தான் இங்கே நடுவில் நிற்பது தெரியும். செப்டம்பர், அக்டோபரில் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் பார்த்துத் தீபாவளியும் வரும். வீட்டுக்குப் போய் முறுக்கோடு திரும்புபவர்கள் உண்டு. பஸ் டிக்கெட்டுக்குக் காசில்லாமல் விடுதியிலேயே இருந்து, மாலையில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவுக்குப் போய் விளக்குகளைப் பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. அந்தத் தீபாவளி வாரம் ஓர் ஆசிரியர் இருபது பேரை வட்டமாக உட்காரவைத்து, எந்தப் பாடம் புரியவில்லை, சாப்பாட்டுக்குக் காசு இருக்கிறதா என்று கேட்டால் போதும். அதற்கு மண்டபமும் வேண்டாம், நிறச் சட்டையும் வேண்டாம். ஆசிரியருக்கு அந்த நேரத்தைப் பணிக்கணக்கில் சேர்த்துக்கொடுத்தால் சரி.