இரு கோடுகள் வெட்டும் இடம்: தேசிய மாணவர் படைப் பயிற்சியும் அறிவியல் கல்வியும்

தேசிய மாணவர் படையில் (என்.சி.சி.) சேரும் பள்ளி மாணவர்களை அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதத் துறைகளின் பக்கம் திருப்புவது எப்படி என்ற கேள்விக்கு, ஊக்க உரைகளும் புதிய கருவிகளும் பெரும்பாலும் விடையாக முன்வைக்கப்படுகின்றன. 1948-இல் தொடங்கப்பட்ட இப்படையின் பயிற்சிக்குள்ளேயே கணிதமும் இயற்பியலும் இருக்கின்றன என்பதும், அவற்றை மாணவருக்கு இனங்காட்டுவதே முதல் பணி என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

மைதானத்தில் உள்ள பாடம்

நிலவரைபடப் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். 1:50,000 அளவுத்திட்டத்தில் 2 செ.மீ. என்பது தரையில் 1 கி.மீ. ஆறு இலக்கக் கட்டக் குறியீட்டால் ஓர் இடத்தை 100 மீட்டர் துல்லியத்தில் சுட்டிக்காட்ட, கேடட் எனப்படும் படை மாணவர் பழகுகிறார். கிழக்கு எண் முதலில், வடக்கு எண் அடுத்து என்னும் அந்த வரிசை ஆயத்தொலை வடிவியலின் வரிசையேதான்.

தான் நிற்கும் இடம் தெரியாதபோது அவர் செய்வது இன்னும் செறிவானது. கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி என வரைபடத்திலும் உள்ள இரண்டு அடையாளங்களின் திசைக்கோணத்தைக் காம்பஸில் பார்க்கிறார். காந்த வடக்குக்கும் வரைபட வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைத் திருத்துகிறார். 180 பாகையைக் கூட்டியோ கழித்தோ இரண்டு கோடுகள் இழுக்கிறார். அவை வெட்டும் புள்ளியே அவர் நிற்கும் இடம். ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்தில் ஒருங்கமைச் சமன்பாடுகளை வரைபட முறையில் தீர்ப்பதும் இதே செயல். அங்கே திணறும் மாணவர் இங்கே திணறாமல் செய்துவிடக்கூடும். இரண்டும் ஒன்று என்று யாரும் சொல்லாவிட்டால், தனக்குக் கணக்கு வராது என்றே அவர் நம்பிக்கொண்டிருப்பார்.

துப்பாக்கிப் பயிற்சியிலும் இதே நிலை. குறியைவிட்டு விலகினாலும் ஐந்து குண்டுகளும் நெருங்கி விழுந்தால் அது நுட்பம். குறியின் மையத்தை ஒட்டி விழுந்தால் துல்லியம். மேல்நிலை இயற்பியலின் அளவீட்டுப் பாடம் இந்த வேறுபாட்டையே பேசுகிறது. விமானப் பிரிவின் மாதிரி விமானத்தில் ஈர்ப்பு மையமும், கடற்படைப் பிரிவின் மாதிரிக் கப்பலில் மிதப்பு விசையும் கைக்கு எட்டும் பொருள்களாகின்றன.

காலம் தவறும் வழிகாட்டல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பெரும்பாலும் 8, 9-ஆம் வகுப்புகளோடு இளநிலைப் பயிற்சி முடிந்து, 'ஏ' சான்றிதழ் கிடைக்கிறது. அடுத்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. அதன்பின் பிளஸ் ஒன் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் கட்டம். வழிகாட்டல் மிகவும் தேவைப்படும் அந்த வேளையில் மாணவர் சீருடையைக் கழற்றியிருப்பார். ராணுவமே அவர் கனவு என்றாலும் பாடப்பிரிவு பொருட்டாகிறது. தேசியப் பாதுகாப்பு அகாதமியின் கடற்படை, விமானப்படைப் பிரிவுகளில் சேர பிளஸ் டூவில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் வேண்டும். இதைத் தாமதமாக அறியும் மாணவருக்கு அந்த வாசல் அடைபட்டிருக்கும்.

ஒரு மறுப்பும் விடையும்

அறிவியலைச் சீருடையோடு இணைத்தால் பள்ளி ஆள்சேர்ப்புக் களமாகிவிடும் என்ற அச்சம் ஒதுக்கத்தக்கதன்று. ஆயினும் படையில் பயிலும் மாணவருக்குப் போர்ப்பணி ஆற்றும் கடப்பாடு எதுவும் இல்லை. மேலும் அறிவியல் அவருக்கு முன்னுள்ள வழிகளைப் பெருக்கவே செய்யும். எடுத்துக்காட்டாக, 1802-இல் வில்லியம் லாம்டன் என்னும் காலாட்படை அலுவலர் பரங்கிமலை அருகே நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். இந்தியப் பெரும் முக்கோணவியல் அளவீடாக வளர்ந்த அப்பணி, ஆட்சியின் தேவைக்குப் பயன்பட்டதோடு புவியின் வடிவத்தை அறியவும் உதவியது. வரைபடம் கற்ற மாணவர் நில அளவை, வானிலை, கடலியல் என எங்கும் செல்லலாம்.

செய்யத்தக்கவை

மாதம் ஒருமுறை கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் பரேடு மைதானத்துக்கு வரலாம். கேடட் தம் அளவீடுகளையும் பிழைகளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, வகுப்பில் அதைக் கொண்டே கணக்குப் போடலாம். பத்தாம் வகுப்பிலும் என்.சி.சி. ஆசிரியரின் தொடர்பு நீடிக்கலாம். மாணவியரும் இவை அனைத்திலும் சம அளவில் பங்குபெற வேண்டும்.

கணக்கு வராது என்று சொல்லும் மாணவரிடம், முகாமில் அவர் கையாலேயே இழுத்த அந்த இரண்டு கோடுகளை எடுத்துக் காட்ட வேண்டும். பிளஸ் ஒன் விண்ணப்பத்தை அவர் நிரப்புவதற்கு முன்பே அது நடக்க வேண்டும்.