பிரதி எடுத்த குற்றம்

சோஃபி ஷோலின் படத்தைப் பார்க்காத தோழர்கள் உங்களில் குறைவு. எங்கள் வாசிப்பு வட்டத்தில் 'வெள்ளை ரோஜா' பற்றிப் பேசி முடித்தபோது முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டார்: "அக்கா, அவங்களைக் கொன்னப்புறம் அந்த யுனிவர்சிட்டில மத்த பசங்க என்ன பண்ணாங்க?"

கை தட்டினார்கள். அதுதான் உண்மை.

1943 பிப்ரவரி 18. ஹிட்லர் ஆட்சியை எதிர்த்து எழுதிய ஆறாவது துண்டறிக்கையை மியூனிக் பல்கலைக்கழகத்தில் வீசியபோது ஹான்ஸ் ஷோலும் தங்கை சோஃபியும் பிடிபட்டார்கள். பிடித்தவர் அங்கே வேலை பார்த்த யாகோப் ஷ்மித். நான்கே நாளில், 22ஆம் தேதி, விசாரணை, தீர்ப்பு, தலை வெட்டு எல்லாம் முடிந்தன. மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பனான கிறிஸ்டோஃப் ப்ரோப்ஸ்டும் அவர்களோடு கொல்லப்பட்டார். அன்று மாலையே பல்கலைக்கழகத்தில் கூட்டம் போட்டு, நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஷ்மித்தை ஆரவாரம் செய்து பாராட்டினார்கள். அவருக்கு 3000 மார்க் பரிசும் பதவி உயர்வும் கிடைத்தன.

இத்தனைக்கும் அந்த மாணவர்கள் எதுவும் அறியாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை 1942 கோடையிலேயே வெள்ளை ரோஜாவின் இரண்டாவது அறிக்கை எழுதியிருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்தது கை தட்டாத ஒருவரைப் பற்றி. பெயர் ஹான்ஸ் லைபெல்ட். வேதியியல் மாணவர். ஷோல் குழுவில் அவர் இருந்ததில்லை.

லைபெல்ட்டின் அம்மா கத்தரினா வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவர்; யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள். 1935இல் வந்த நியூரம்பர்க் சட்டங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. நீ எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. உன் தாத்தா பாட்டி யார் என்று கேட்டது. இரண்டு பேர் யூதர் என்றால் நீ 'முதல் தரக் கலப்பினம்'. மதம் மாறியும் பிறப்பு விடாமல் துரத்துவது எப்படியிருக்கும் என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போலந்திலும் பிரான்ஸிலும் ஜெர்மன் ராணுவத்தில் சண்டை போட்டவர் லைபெல்ட். இரும்புச் சிலுவைப் பதக்கம்கூட வாங்கியிருக்கிறார். 1940இல் 'பாதி யூதன்' என்று சொல்லி ராணுவத்திலிருந்து வெளியே அனுப்பினார்கள். பல்கலைக்கழகக் கதவுகளும் அவரைப் போன்றவர்களுக்கு மூடிக்கொண்டிருந்தன. மியூனிக்கில் ஒரே ஒரு ஆய்வகம் திறந்திருந்தது. நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிஷ் வீலாண்ட் தன் பொறுப்பில் இப்படிப்பட்ட மாணவர்களை உள்ளே வைத்துக்கொண்டார்.

அங்கே இருந்தபோதுதான் அந்த ஆறாவது அறிக்கை லைபெல்ட்டின் கைக்கு வந்தது. எழுதியவர்களின் கதி அவருக்குத் தெரியும். அவரும் உடன் படித்த மரீ-லூயிஸ் யானும் தட்டச்சு இயந்திரத்தில் உட்கார்ந்து அதைப் பிரதி எடுத்தார்கள். கொல்லப்பட்டவர்களின் உணர்வு இன்னும் உயிரோடு இருக்கிறது என்ற பொருளில் மேலே ஒரு வரியையும் சேர்த்தார்கள். ஹாம்பர்க் நண்பர்களுக்கும் கொண்டுபோனார்கள்.

இன்னொரு காரியமும் செய்தார்கள். எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. அறிக்கையை எழுதிய பேராசிரியர் குர்ட் ஹூபர் 1943 ஜூலை 13 அன்று கொல்லப்பட்டார். மனைவி கிளாராவும் குழந்தைகளும் வருமானமில்லாமல் நின்றார்கள். லைபெல்ட்டும் யானும் அந்தக் குடும்பத்துக்காக ரகசியமாகப் பணம் திரட்டினார்கள். தோழர் ஒருவர் சிறைக்குப் போன பிறகு அவர் வீட்டு அரிசிக்கு உண்டியல் ஏந்தியவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு தனிமையான வேலை என்று. மேடை கிடையாது, படம் கிடையாது. கொடுப்பவரே காட்டிக்கொடுக்கவும் கூடும்.

காட்டிக்கொடுத்தார்கள். அக்டோபர் 8 அன்று லைபெல்ட் கைது. சில நாளில் யானும். அம்மா கத்தரினாவையும் கெஸ்டபோ பிடித்தது; டிசம்பரில் ஹாம்பர்க் ஃபூல்ஸ்புட்டல் சிறையில் அவர் இறந்து கிடந்தார். பாட்டி தெரேசியன்ஸ்டாட் முகாமில் செத்துப்போனார்.

1944 அக்டோபர் 13 அன்று டோனாவோர்த் என்ற ஊரில் விசாரணை நடந்தது. அந்த நீதிமன்றத்தில் மாணவர்களுக்காகச் சாட்சி சொல்ல வீலாண்ட் வந்தார். வராமலிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பேராசிரியர்களைப் பற்றி நமக்கு நல்ல அனுபவம் அதிகமில்லை என்பதால் இதைத் தனியாகக் குறித்து வைக்கிறேன்.

யானுக்கு 12 ஆண்டு சிறை. லைபெல்ட்டுக்கு மரணம். 1945 ஜனவரி 29 அன்று, ஷோல்கள் கொல்லப்பட்ட அதே ஸ்டாடெல்ஹைம் சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 23. சுமார் மூன்று மாதம் கழித்து அமெரிக்கப் படை மியூனிக்குக்குள் வந்தது.

போர் முடிந்ததும் யான் வெளியே வந்து மருத்துவரானார். 1987இல் வெள்ளை ரோஜா அறக்கட்டளையைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 2010இல் இறந்தார். அன்று கைதட்டிய அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலுக்கு இப்போது ஷோல் உடன்பிறப்புகளின் பெயர். அந்த மாணவியிடம் இதையும் சொன்னேன். அவர் நோட்டில் லைபெல்ட்டின் பெயரை எழுதிக்கொண்டு, எழுத்துக்கூட்டு சரியா என்று என்னிடம் காட்டினார்.