ஆனைமலைக்கு யானை பார்க்கப் போகும் வழி: டாப்சிலிப்பின் வரலாறு

டாப்சிலிப் என்பது கோயம்புத்தூர் மாவட்டம் பொள்ளாச்சியிலிருந்து ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், ஆனைமலைத் தொடரில் உள்ள காட்டுக் குடியிருப்பு. யானையும் இருவாட்சியும் பார்ப்பதற்காகக் கொங்கு நாட்டவர் சேத்துமடை வழியே மலையேறிச் செல்லும் இடம் இது. பள்ளிச் சுற்றுலாவில் ஒருமுறையாவது இங்கே வந்து போகாத பொள்ளாச்சி வட்டாரத்து மாணவரைக் காண்பது கடினம். ஆனால் இப்பெயர் எப்படி வந்தது என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். மலையுச்சியில் வெட்டிய தேக்குத் தடிகளைச் சரிவில் வழுக்கி விட்டு அடிவாரம் சேர்த்த இடம் என்பதே அதன் பொருள். காட்டைப் பார்க்கப் போகும் நாம், காட்டை வெட்டியவர்கள் வைத்த பெயரைச் சொல்லித்தான் பேருந்துச் சீட்டு வாங்குகிறோம்.

இம்மலைக்கும் யானைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. பதிற்றுப்பத்தின் பதிகங்கள் குறிப்பிடும் உம்பற்காடு என்பது ஆனைமலைப் பகுதியே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். உம்பல் என்றால் யானை. இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன், தன்னைப் பாடிய குமட்டூர்க் கண்ணனாருக்கு உம்பற்காட்டில் ஐந்நூறு ஊர்களைக் கொடுத்ததாக இரண்டாம் பத்தின் பதிகம் கூறுகிறது. யானைக்காட்டை ஆள்வது ஒரு சேர மன்னனின் பெருமையாகக் கருதப்பட்டது என்பதை இதிலிருந்து அறியலாம்.

அதன்பின் நீண்ட காலம் இக்காட்டைப் பற்றிய எழுத்துச் சான்றுகள் குறைவு. காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய பழங்குடியினர் இங்கே வாழ்ந்து வந்தனர். தேனும் கிழங்கும் ஏலமும் எடுப்பது அவர்கள் வாழ்க்கை. யானைத்தடம் அறிந்தவர்களும் அவர்களே.

பெரிய மாற்றம் 1848இல் தொடங்கியது. அந்நாளில் கப்பல் கட்டத் தேக்கைவிடச் சிறந்த மரம் இல்லை. பம்பாய்க் கப்பல்துறையில் 1817இல் மலபார்த் தேக்கால் கட்டப்பட்ட ‘டிரிங்கோமலி’ என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது என்றால் அம்மரத்தின் உறுதியை எண்ணிப் பாருங்கள். மலபாரில் தேக்கு அருகியதும் ஆங்கிலேயரின் கண் ஆனைமலை மேல் விழுந்தது. ஜேம்ஸ் மைக்கேல் என்ற இராணுவ அதிகாரி இங்கே மரம் வெட்டும் பணிக்கு அமர்த்தப்பட்டார். அவருக்குப் பின் 1854இல் டக்ளஸ் ஹாமில்டன் வந்தார். 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக ஹியூ கிளெக்கார்ன் அமர்த்தப்பட்ட பிறகு, அவருக்குக் கீழ்ப் பணியாற்ற ரிச்சர்டு பெடோம் வந்தார். பாம்பு, பல்லி, செடி வகைகளைத் தேடித் தேடிப் பதிவு செய்தவர் பெடோம். மரம் எண்ணப் போன இடத்தில் உயிரினங்களையும் எண்ணியவர் என்று அவரைச் சொல்லலாம்.

தடிகளை இழுக்க யானை தேவைப்பட்டது. யானைத்தடத்தில் குழி தோண்டி, மேலே மூங்கிலும் தழையும் பரப்பி, விழுந்த யானையைக் கும்கிகளின் துணையோடு வெளியே எடுப்பார்கள். பிறகு ‘கரால்’ எனும் மரக்கூண்டில் அடைத்துப் பழக்குவார்கள். குழி தோண்டியவர்களும், கூண்டுக்குள் கைநீட்டி முதல் கவளம் ஊட்டியவர்களும் பெரும்பாலும் மலசர், மலைமலசர் மக்களே. பாகனும், ‘காவடி’ எனப்படும் அவருடைய உதவியாளும் இன்றும் அக்குடும்பங்களிலிருந்தே வருகின்றனர்.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் காட்டு யானையைச் சுட்டால் அரசே வெகுமதி கொடுத்தது. 1873இல் அதே மாகாண அரசு காட்டு யானைகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. 1879இல் இந்திய அளவிலும் ஒரு சட்டம் வந்தது. இதற்குக் கருணை மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது என்பதே என் கருத்து. தடி இழுக்கவும் படைக்குச் சுமை தூக்கவும் யானை வேண்டியிருந்தது. யானை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வெட்டுவதற்கென்றே வந்த துறையில், வெட்டியதை மீண்டும் வளர்க்க முனைந்தவர் ஹியூகோ உட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இங்கே வந்தபோது தேக்குக்காடு மொட்டையாகிக் கொண்டிருந்தது. மரத்தை வேரோடு அகற்றாமல் அடிக்கட்டையை விட்டு வெட்டினால் அது மீண்டும் துளிர்க்கும் என்ற முறையை அவர் கையாண்டார். நடைப்பயணத்தில் கைத்தடியால் குழி குத்தி, சட்டைப்பையில் இருந்த தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே போவார் என்று அங்கே இன்றும் சொல்கிறார்கள். 1933இல் மறைந்த அவருடைய கல்லறை டாப்சிலிப்பில், அவர் வளர்த்த தேக்குகளின் நடுவே உள்ளது. வேனில் போகிறவர்கள் பலர் நிற்காமலே கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் அது.

பறவைகளின் கதையிலும் மரவெட்டு வந்து சேர்கிறது. டாப்சிலிப்பை அடுத்த பரம்பிக்குளம் அந்நாளில் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியது. அங்கிருந்து சாலக்குடிக்குத் தேக்கு கொண்டுபோகக் காட்டுக்குள் டிராம் பாதை ஒன்று போடப்பட்டிருந்தது. 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பறவைகளைக் கணக்கெடுக்க வந்த சாலிம் அலி, அந்தப் பாதையில் உள்ள குரியார்குட்டியில் மனைவி தெஹ்மினாவுடன் முகாமிட்டார். தடி ஏற்றிய டிராம் வண்டிதான் பறவை அறிஞரையும் காட்டுக்குள் கொண்டுசென்றது. அப்பாதை 1963இல் மூடப்பட்டது. அவர் பெயரால் 1990இல் தொடங்கிய பறவையியல் மையம் கோவையை அடுத்த ஆனைகட்டியில் இருக்கிறது.

ஆனைமலையில் பறவை பார்ப்போர் முதலில் தேடுவது பெரிய இருவாட்சியை. பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்ளும். சிறு இடுக்கு வழியே ஆண் பறவை அத்திப்பழம் ஊட்டும். முதிர்ந்த மரம் இல்லையென்றால் பெரிய பொந்து இல்லை. பொந்து இல்லையென்றால் இருவாட்சி இல்லை. நட்டு வளர்த்த இளந்தேக்கு இதற்கு உதவாது. டாப்சிலிப்பை ஒட்டி வெட்டுக்குத் தப்பிய கரியன் சோலை போன்ற பசுமைமாறாக் காடுகளின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. கூட்டு மரங்களைக் காட்டிக் கொடுத்து ஆய்வாளர்களுக்குத் துணை நின்றவர்கள் காடர்கள்.

1976இல் இப்பகுதி வனவுயிர்ச் சரணாலயமானது. 1987இல் அதற்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்டது. 2007இல் புலிகள் காப்பகமும் ஆயிற்று. தடி இழுத்த யானைகளின் முகாம் கோழிகமுத்தியில் தொடர்கிறது. ராகிக் களி, கொள்ளு, வெல்லம், உப்பு சேர்த்து உருட்டிய கவளத்தைப் பாகன் ஊட்டுவதைப் பார்க்கவே பலர் போகிறார்கள். தை மாதத்தில் யானைப் பொங்கலும் உண்டு.

ஆனால் முகாம் யானைகளின் வேலை மாறிவிட்டது. இப்போது அவை ஊருக்குள் வரும் காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் போகின்றன. கலீம் என்ற கும்கி 1972இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, 99 பணிகளில் ஈடுபட்டு, 2023 மார்ச்சில் 60 வயதில் வனத்துறையின் மரியாதை அணிவகுப்போடு ஓய்வு பெற்றது.

2019 சனவரியில் கோவை தடாகம் பகுதியில் பிடிபட்ட சின்னத்தம்பி என்ற ஆண் யானையை டாப்சிலிப் காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். சில நாட்களிலேயே அது மலையிறங்கி, வயல்களின் ஊடே உடுமலைப்பேட்டைப் பகுதிவரை நடந்து வந்துவிட்டது. கரும்புக்காட்டில் நின்ற அதைப் பார்க்க ஊரே திரண்டது. அதைப் பிடிக்கக் கூடாது என்று ஒரு சாரார் போராடினர். பயிரை இழந்த உழவர்களோ பிடிக்கச் சொன்னார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. பிப்ரவரி 15 அன்று கும்கிகளைக் கொண்டு பிடித்து, வரகளியாறு முகாமில் கராலில் அடைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் தடி இழுக்கப் பிடித்த யானையைப் பழக்கியதும் இதேபோன்ற மரக்கூண்டில்தான். சின்னத்தம்பியும் பின்னர் கும்கியாகி, மற்ற காட்டு யானைகளைப் பிடிக்கும் பணிகளுக்கு அழைத்துச் செல்லப்பட்டது.