காய்ந்த இலை உதை

பந்தைச் சுழலவிட்டு வளைத்து உதைப்பது பிறவித் திறமையா, பயிற்சியா? ஒரு கால்பந்துக் கதை சொல்கிறேன் நண்பர்களே!

1957 ஏப்ரல். உலகக்கோப்பைக்கான தகுதிச் சுற்று. லிமாவில் பெருவும் பிரேசிலும் 1-1 சமன். ரியோவின் மரக்கானா அரங்கில் பிரேசில் வீரர் டிடி அடித்த ஃப்ரீ கிக் வளைந்து போய், திடீரென்று இறங்கி வலைக்குள் விழுந்தது. 1-0. பெரு அவுட்!

அந்த உதைக்குப் பெயர் 'காய்ந்த இலை'. கணுக்காலில் அடிபட்டு வழக்கம்போல் உதைக்க முடியாமல் போனபோது டிடி பழகிக்கொண்டது என்பார்கள். மந்திரம் எதுவும் இல்லை. சுழலும் பந்து காற்றை ஒரு பக்கம் தள்ளும். அது எதிர்ப்பக்கம் விலகும். ஜெர்மானிய இயற்பியலாளர் மாக்னஸ் 1852-இலேயே ஆராய்ந்த விஷயம்தான்.

இனிதான் வேடிக்கை. தங்களை வெளியேற்றிய அதே டிடியைப் பெரு பயிற்சியாளராக வைத்துக்கொண்டது! தகுதிச் சுற்றைத் தாண்டி அந்நாடு முதன்முதலாக உலகக்கோப்பைக்குப் போனது 1970-இல், அவர் தலைமையில்தான். காலிறுதியில் பிரேசிலிடம் 4-2 என்று தோற்றது. அந்த அணியில் 21 வயதுக் கூபியாஸ் 5 கோல் அடித்தார். 1978-இல் ஸ்காட்லாந்துக்கு எதிராக அவர் வலது பாதத்தின் வெளிப்பக்கத்தால் வளைத்த ஃப்ரீ கிக்கை இன்றும் பேசுகிறார்கள்.

பிறவித் திறமை மட்டும்தான் என்றால், அடிபட்ட காலோடு டிடி எதைப் பழகியிருக்க முடியும்? நம்மை ஜெயித்தவரிடமே பாடம் கேட்கவும் ஒரு மனசு வேண்டும். பெருவுக்கு அது இருந்தது.