கூறைச்சேலையின் சிவப்பு எங்கே போனது?

எண்பதுகளில் ஊரில் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தவர்களுக்குப் படத்தின் தரம் ஒரு பிரச்சினையே இல்லை. ஆள் தெரிந்தால் போதும், பாட்டுக் கேட்டால் போதும். வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. இங்கே நாங்கள் பார்த்தது சினிமாப் படம் மட்டுமல்ல. போக முடியாத கலியாண வீடுகளையும் சாமத்திய வீடுகளையும் செத்த வீடுகளையும் கசெற்றில்தான் பார்த்தோம்.

ஜே.வி.சி கொம்பனி 1976இல் கொண்டு வந்த விஎச்எஸ் கசெற், படத்தை வெளிச்சம் ஒரு பக்கம், நிறம் ஒரு பக்கம் என்று பிரித்துத்தான் பதியும். வெளிச்சத்துக்கே இடம் குறைவு. நிறத்துக்கு அதைவிட மிகக் குறைவு. அதனால்தான் பொம்பிளையின் கூறைச்சேலைச் சிவப்பு சேலையின் கரையைத் தாண்டிப் பக்கத்தில் நிற்கிற தோழியின் கையிலும் வழியும். ஒலி இன்னும் பாவம். பாட்டுக் கசெற் நொடிக்கு 4.76 செ.மீ. ஓடும். ஐரோப்பிய விஎச்எஸ் நாடா ஓடுவது 2.34 செ.மீ. சாதாரண டெக்கில் அந்த நாடாவின் ஓரத்து மெல்லிய கோட்டில்தான் நாதஸ்வரமும் தவிலும் அடங்க வேண்டும்.

அடுத்தது நாட்டுக்கு நாடு முறை வேறு. லண்டனிலும் ஜெர்மனியிலும் பால் (குடிக்கிற பால் இல்லை), பிரான்ஸில் செக்காம், கனடாவில் என்ரிஎஸ்சி. பாலுக்கு 625 கோடு, நொடிக்கு 25 படம். என்ரிஎஸ்சிக்கு 525 கோடு, ஏறக்குறைய 30 படம். அகதியாகச் சிதறியவர்கள் இந்த முறைகளைப் பார்த்தா நாடு தெரிவு செய்தார்கள்? ஒரே குடும்பத்தில் மூன்று முறை. லண்டன் கலியாணக் கசெற் ரொறன்ரோவுக்குப் போனால் கடையில் கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றுவது என்றால் திரும்பப் பதிவது, ஒவ்வொரு கொப்பியிலும் கொஞ்சம் கரையும்.

பிறகு விசிடி வந்தது. அதன் விதிகளை 1993இல் வெளியிட்டார்கள். பாட்டு சிடி வாசிக்கிற அதே வேகத்துக்குள் படத்தையும் திணிப்பதுதான் யோசனை. நொடிக்குப் படத்துக்கு 1150 கிலோபிட், ஒலிக்கு 224. படம் 352க்கு 288 புள்ளி. டிவிடியின் 720க்கு 576 உடன் ஒப்பிட்டால் கால்வாசி. நிறம் அதிலும் கால்வாசி, 176க்கு 144. ஒரு வட்டில் 74 நிமிடம். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படத்துக்கு மூன்று வட்டு வேண்டும்.

இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணக்கில் எங்கட பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். பெங்களூரில் பிறந்த நசீர் அகமது 1972இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் இதற்குப் பணம் கேட்டார், கிடைக்கவில்லை. ஆனாலும் விடாமல் நடராஜன், கே.ஆர். ராவ் இருவருடனும் சேர்ந்து 1974இல் கட்டுரையை வெளியிட்டார். படத்தை 8க்கு 8 கட்டங்களாக வெட்டி, கண் கவனிக்காத நுணுக்கத்தைக் கழித்து விடலாம். ஜேபெக், விசிடி, டிவிடி எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன.

விசிடியின் கொடுமை என்னவென்றால் அந்த 1150 மாறாது. ஐயர் சும்மா இருக்கிற காட்சிக்கும் அதுதான், தாலி கட்டும்போது எல்லோரும் அறுகரிசி எறிய கமெரா வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடிக்கிற நேரத்துக்கும் அதுதான். ஓமப் புகை வேறு. எது கட்டாயம் தெரிய வேண்டுமோ அந்த நொடியில்தான் படம் சதுரம் சதுரமாக உடையும். ஒலியிலும் இதே கதை. தவிலின் அடி விழ முன்னமே அதன் இரைச்சல் கசியும். எம்பி3 செய்தவர்கள் சுசான் வேகா என்ற பாடகியின் தனிக்குரலை வைத்துத்தான் தங்கள் வேலையைத் திருத்தினார்கள். ஒரு தவில்காரரையும் கூப்பிட்டிருக்கலாம் என்பது என் கருத்து.

டிவிடி வந்ததும் எல்லாம் சரியாகும் என்று நினைத்தோம். எங்கட கடைகளில் வந்தது “மூன்று படம் ஒரே வட்டில்”. கணக்குப் பாருங்கள். 4.7 ஜிகாபைட்டை 450 நிமிடத்துக்குப் பிரித்தால் நொடிக்கு ஏறக்குறைய 1390 கிலோபிட். விசிடியில் படமும் ஒலியும் சேர்த்து 1374. டிவிடி விலை கொடுத்து விசிடியின் பங்கைத்தான் வாங்கி வந்திருக்கிறோம்! அந்த வட்டில் ஒரு படம் மட்டும் போட்டிருந்தால் மூன்று மடங்கு கிடைத்திருக்கும். இன்னொன்று, திரைப்படம் நொடிக்கு 24 படம். பால் முறை டிவிடிக்கு அதை 25ஆக வேகப்படுத்துவார்கள். சுருதியைத் திருத்தாமல் விட்டால் ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்குக் கிட்டப் போய்விடும்.

சினிமாப் படம் போனால் திரும்ப வாங்கலாம். எங்கட அக்காவின் சாமத்திய வீட்டில், 1989இல், அம்மம்மா அசைந்து பேசுகிற ஒரேயொரு பதிவு இருக்கிறது. ஊரிலிருந்து பாரிஸுக்கு வந்த கசெற், அதிலிருந்து ரொறன்ரோவுக்கு ஒரு என்ரிஎஸ்சி கொப்பி, அதிலிருந்து 2003இல் ஒரு கடை அடித்துத் தந்த விசிடி. அதில் அம்மம்மாவின் முகம் நாலைந்து சதுரம். இனிக் கசெற் வேண்டாம், எறியுங்கோ என்று கடைக்காரர் சொன்னாராம். நல்ல காலம், பாரிஸ் சித்தி தன்னுடையதை எறியவில்லை. 2019இல் அந்த மூலக் கசெற்றை நேரே கணினிக்கு ஏற்றினோம். மூக்குத்தி தெரிந்தது. “பிள்ளைக்குப் பசிக்கும், கெதியாய் முடியுங்கோ” என்று ஐயரைப் பார்த்துச் சொல்வதும் கேட்டது. விசிடியில் அது வெறும் இரைச்சல்.

ஆகவே வீட்டில் விசிடி இருக்கிறதே என்று கசெற்றை எறியாதீர்கள். உலகில் கடைசியாக விஎச்எஸ் டெக் செய்த ஜப்பானின் ஃபுனாய் கொம்பனி 2016இல் நிறுத்திவிட்டது. நல்ல டெக் வருடத்துக்கு வருடம் குறைகிறது. மாற்றக் கொடுக்கும்போது மூலக் கசெற்றையே கொடுங்கள், கொப்பியை அல்ல. நொடிக்கு 50 அரைப்படங்களையும் காப்பாற்றச் சொல்லுங்கள், 25ஆகக் குறைத்தால் தவில்காரரின் கை மங்கிவிடும். பெரிய கோப்பாகவே வாங்கி இரண்டு வன்தட்டில் வையுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்புவதற்குச் சின்னதாக ஒன்றை அதிலிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம். கசெற்றை ஈரமில்லாத இடத்தில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் நீங்களாக டெக்கில் போட்டுப் பார்க்க வேண்டாம்.