பெருப்பிச்சுத் தாங்கோ: சின்னப் படங்களின் கதை

எங்கட வீடுகளில் ஒரு விசித்திரம் இருக்கு. 1960களில் ஸ்டூடியோவில் எடுத்த அம்மம்மாவின் கலியாணப் படத்தை இன்றைக்கும் ஸ்கேன் பண்ணி ஏ3 தாளளவுக்குப் பெருப்பிக்கலாம். சேலைக் கரை தெரியும், பூமாலை தெரியும், பின்னால் தொங்கவிட்ட திரையின் மடிப்பும் தெரியும். ஆனால் 2006இல் போனில் எடுத்த அண்ணாவின் படத்தை ஒரு அப்பியாசக் கொப்பி அளவுக்குப் பெருப்பிச்சாலே முகம் சதுரம் சதுரமாக உடைந்து போகுது. நாற்பது வருசம் பிந்தி வந்த கமரா, முந்தியதைவிடக் குறைவாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறது.

இதை வெறும் தொழில்நுட்பக் குறையாகப் பார்த்துவிட்டுக் கடந்துபோக எங்களால் முடியாது. 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டுச் சனம் வெளிக்கிட்டபோது அல்பங்களைக் காவிக்கொண்டு போனவர்கள் கொஞ்சப்பேர்தான். 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோனது, 2009இல் வன்னியில் விட்டுவிட்டு வந்தது என்று கணக்குப் பார்த்தால், பல குடும்பங்களிடம் ஒரு ஆளுக்கு ஒரு படம்கூட மிஞ்சவில்லை. மிஞ்சியது யாரோ ஒரு மச்சானின் பழைய போனில் கிடந்ததாக, அல்லது வெளிநாட்டில் இருக்கிற மாமிக்கு எப்பவோ மின்னஞ்சலில் அனுப்பினதாக இருக்கும். 31ஆம் நாள் கல்வெட்டின் அட்டைக்கும் அதுதான், சுவரில் மாட்டவும் அதுதான். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடங்கிய போராட்டத்தைப் பாருங்கள். அம்மாக்கள் மடியில் வைத்திருந்த படங்களில் பல, அடையாள அட்டை அளவுப் படத்தில் இருந்து பெருப்பிச்சவை. அந்த முகங்களை எவ்வளவு தூரம் பெருப்பிக்கலாம், பெருப்பிக்கும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்து வைத்திருக்கிறது நல்லது.

கதை 1957இல் தொடங்குகிறது. அமெரிக்காவின் தேசிய நியமப் பணியகத்தில் வேலை செய்த ரஸல் கேர்ஷ் என்ற பொறியியலாளர், தன் மூன்று மாத மகனின் படத்தை ஒரு சுழலும் உருளையில் ஒட்டி, ஒளியுணரி ஒன்றால் வாசித்து, சீயாக் என்ற கணினிக்குள் ஏற்றினார். உலகின் முதல் டிஜிட்டல் படம் அது. 5 சென்ரிமீற்றர் சதுரம், 176க்கு 176 புள்ளி. அந்தக் கணினியின் நினைவகத்துக்குள் அவ்வளவுதான் அடங்கும். ஆக, முதல் டிஜிட்டல் படமே ஒரு குழந்தைப்பிள்ளையின் குடும்பப் படம்தான்.

புள்ளிகளைச் சதுரமாக வைத்ததும் கேர்ஷ்தான். அது தான் செய்த முட்டாள்தனம், உலகம் முழுக்க அதற்காக அவதிப்படுகிறது எண்டு பிற்காலத்தில் அவரே சொன்னார். 2010இல், 80 வயதைத் தாண்டிய பிறகு, சதுரங்களுக்குப் பதிலாக வேறு வேறு வடிவத் துண்டுகளால் படத்தை அமைக்கிற ஒரு மென்பொருளை எழுதி, அதற்குள் 50 வயது தாண்டிவிட்ட அதே மகனின் படத்தில் பரீட்சித்துப் பார்த்தார். மனுசன் விடவேயில்லை.

அடுத்தது 1975 டிசம்பர், கொடாக் நிறுவனம். ஸ்டீவன் சாஸன் என்ற இளம் பொறியியலாளர் கையில் தூக்கக்கூடிய முதல் டிஜிட்டல் கமராவைச் செய்தார். நிறை 3.6 கிலோ. ஒரு படத்தை கசற் நாடாவில் பதிய 23 செக்கன். படத்தின் அளவு 100க்கு 100 புள்ளி, அதாவது மொத்தம் 10,000. முதலில் எடுத்தது அங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் படம். திரையில் அவருடைய கறுத்த முடி வந்தது, வெள்ளைப் பின்னணி வந்தது. முகம் மட்டும் வரவில்லை, வெறும் இரைச்சல். தரவின் பிட்டுகளைத் தலைகீழாகக் கோர்த்திருந்ததுதான் காரணம். முழுக் கறுப்பையும் முழு வெள்ளையையும் எந்தப் பக்கத்தால் வாசித்தாலும் ஒன்றுதான். இடைநிறங்கள்தான் கெட்டுப்போகும், முகம் என்பதோ முழுக்க இடைநிறம். வயரை மாற்றினதும் முகம் வந்தது.

இதில் எங்களுக்கு முக்கியமான விசயம் இன்னொன்று. அந்த 100 வரிகளைத் தொலைக்காட்சித் திரையில் அப்படியே காட்ட முடியாது. ஆகவே சாஸனின் கருவி இடையில் வரிகளைக் கணித்து நிரப்பி 400 வரிகளாக்கித்தான் காட்டியது. சின்னப் படத்தைப் பெருப்பிக்கிற வேலை டிஜிட்டல் கமரா பிறந்த அதே அறையிலேயே தொடங்கிவிட்டது.

பிறகு வந்தவற்றைக் கெதியாகச் சொல்லிவிடலாம். 1994இல் அப்பிள் விற்ற குவிக்டேக் 100 கமரா 640க்கு 480 புள்ளியில் எட்டுப் படம் எடுக்கும். எட்டே எட்டு. 2000இல் யப்பானில் வந்த ஷார்ப் கமராப் போனுக்கு 1,10,000 புள்ளி. இங்கே போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தான 2002இல்தான் நோக்கியா 7650 வெளிவந்தது, அடுத்த வருசம் 6600. இரண்டிலும் அதே 640க்கு 480. 6600ஐ வைத்திருந்தவன் ஊரில் எவ்வளவு எடுப்பாகத் திரிஞ்சான் எண்டு மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கோ. அந்தக் காலத்து 3ஜிபி வீடியோக்கள் இன்னும் மோசம், பெரும்பாலும் 176க்கு 144. கேர்ஷின் குழந்தையைவிடச் சின்னது!

இனிக் கொஞ்சம் கணக்கு. நல்ல அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேணும் எண்டு சொல்லுவார்கள். அப்படிப் பார்த்தால் 640க்கு 480 படம் 5.4க்கு 4 சென்ரிமீற்றர்தான் வரும், கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டி. ஆனால் 300 என்பது கையில் வைத்துப் பார்க்கிற படத்துக்கான கணக்கு. அதே படத்தை 12க்கு 18 அங்குலத்தில் அடித்தால் ஒரு அங்குலத்துக்கு 35 புள்ளிதான் இருக்கும், ஒவ்வொரு புள்ளியும் 0.7 மில்லிமீற்றர். கிட்ட நின்று பார்த்தால் அசிங்கம். மூன்று மீற்றர் தள்ளி நின்றால் சாதாரணக் கண்ணுக்குச் சதுரம் பிடிபடாது. ரோட்டோரப் பிளெக்ஸ் பனர்கள் தப்பிப்பது இதால்தான். உண்மையான சிக்கல் குழுப்படத்தில் இருந்து ஒரு முகத்தை வெட்டியெடுக்கும்போது வரும். அந்த முகம் 40 புள்ளி அகலம் என்று வையுங்கள். அதை ஏ4 தாளின் அகலத்துக்கு இழுத்தால் ஒரு புள்ளி 5 மில்லிமீற்றருக்கு மேல். ஒரு கண்ணுக்கு ஆறேழு சதுரம்தான் மிஞ்சும்.

பழைய படங்கள் கெட்டதற்கு அளவு மட்டும் காரணம் இல்லை. 1992இல் நியமமாக்கப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காது என்று நினைக்கிற நுணுக்கங்களைக் கழித்துவிடும். (அதன் அடியில் இருக்கிற கணிதத்தை 1974இல் வெளியிட்டவர்கள் அஹமட், நடராஜன், ராவ் என்ற மூன்று பேர். பெயர்களைப் பார்த்துக் கொஞ்சம் சந்தோசப்படலாம்.) திருத்தித் திருத்திச் சேமிக்கிற ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் கழியும். முகநூல் தன் ஆரம்ப வருசங்களில் படங்களை 604 புள்ளி அகலத்துக்குச் சுருக்கியே வைத்தது. ஆகவே 2008இல் ஏற்றிய படத்தை இன்றைக்கு அங்கேயிருந்து இறக்கி, அதையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வாட்ஸப்பில் ஸ்டூடியோவுக்கு அனுப்புகிறபோது, கழித்ததில் இருந்து கழித்ததைத்தான் கொடுக்கிறோம்.

வழமையான பெருப்பித்தல் பொய் சொல்லாது. மென்பொருள் பக்கத்தில் இருக்கிற நாலு அல்லது பதினாறு புள்ளிகளைப் பார்த்து இடையில் ஒரு நிறத்தைப் போடும். படம் மங்கலாகும், ஆனால் இல்லாத ஒன்று அதற்குள் வராது. 2014இல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த வேலையை நரம்பு வலையமைப்புக்குக் கற்றுக்கொடுத்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. பிறகு வந்த செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, "இந்த இடத்தில் இப்படி ஒரு கண் இருக்கலாம்" எண்டு தாங்களே வரைகின்றன. 40 புள்ளி முகத்துக்குப் பொருந்தக்கூடிய முகங்கள் ஆயிரம் இருக்கலாம், அதில் ஒன்றைச் செயலி தேர்கிறது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தின் பல்ஸ் என்ற மென்பொருளுக்கு பராக் ஒபாமாவின் சின்னப் படத்தைக் கொடுத்தபோது, திருப்பிக் கொடுத்தது ஒரு வெள்ளைக்காரனின் முகம். பழகிய படங்களில் எது அதிகமோ அந்தப் பக்கம்தான் அது சாயும்.

தோல் வழவழப்பாகும், பல்லு வரிசையாகும், கன்னத்துத் தழும்பு போய்விடும். சுவரில் மாட்டுகிற படத்துக்கு இது பரவாயில்லை எண்டு ஒரு குடும்பம் முடிவெடுத்தால் அது அவர்களின் உரிமை, அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் காணாமல் போன ஒருவரைத் தேடுகிற படத்தில், ஆணைக்குழுவுக்கோ காணாமல் போனோர் அலுவலகத்துக்கோ கொடுக்கிற படத்தில் இதைச் செய்யக்கூடாது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. தழும்புதான் அடையாளம். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில், செயற்கை நுண்ணறிவால் தெளிவாக்கிய வீடியோவை நீதிபதி சாட்சியமாக ஏற்க மறுத்தார். கமரா பார்த்ததைக் காட்டாமல், எதைக் காட்டவேணும் என்று மென்பொருள் நினைப்பதைத்தான் அது காட்டுகிறது என்பதுதான் பிரச்சினை.

அப்ப என்ன செய்யிறது? முதல் வேலை மூலக் கோப்பைத் தேடுவது. லாச்சிக்குள் செத்துக் கிடக்கிற 6600க்குள் ஒரு எம்எம்சி கார்ட் இருக்கும், போன் எழும்பாவிட்டாலும் கார்ட் வாசிக்கக்கூடும். 2007இல் மாமிக்கு அனுப்பின மின்னஞ்சலின் இணைப்பு, முகநூலில் இருப்பதைவிட நல்லது. கிடைத்த கோப்பை வாட்ஸப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் டொகுமென்டாக அனுப்புங்கள், அல்லது பென்டிரைவில் கொண்டுபோங்கள். அச்சடிக்கிறபோது பளபளப்பில்லாத தாளும், படத்தைச் சுற்றி அகலமான வெள்ளைக் கரையும் வைத்தால் 4க்கு 6 அங்குலப் படம்கூட ஒரு பெரிய சட்டத்துக்குள் வடிவா இருக்கும். கட்டாயம் பெருப்பிக்கத்தான் வேணும் என்றால் மங்கலை மங்கலாகவே விட்டு, கொஞ்சம் மணிமணியான தன்மை சேர்க்கச் சொல்லுங்கள், சதுரம் கண்ணில் குத்தாது. செயலியால் தெளிவாக்கினால், தெளிவாக்காத பிரதியையும் சேர்த்து அச்சடித்து, இரண்டின் பின்பக்கத்திலும் எது எதென்று பென்சிலால் எழுதுங்கள். ஆரின் படம், எப்ப எடுத்தது, எந்தப் போன், ஆர் எடுத்தது என்பதையும் அதே பென்சிலால் எழுதலாம்.